டிஜிட்டல் தானியங்கிப் பியானோவைக் கணினியுடன் இணைத்தல்

டிஜிட்டல் தானியங்கிப் பியானோ என்பது, கம்பிகளும் சுத்திகளும் கொண்ட உண்மையான பியானோவில் மின்னணு உணர்விகளையும் மின்காந்த இயக்கிகளையும் பொருத்தி அமைத்த இசைக்கருவி ஆகும். மனிதர் வாசிப்பதை இது எண்களாகப் பதிவு செய்கிறது. பதிவான எண்களைக் கொண்டு கட்டைகளைத் தானே அழுத்தித் திரும்பவும் வாசிக்கிறது. யமஹாவின் டிஸ்க்ளேவியர், ஸ்டெயின்வேயின் ஸ்பிரியோ ஆகியவை இவ்வகையில் பலரும் அறிந்தவை. ஒலிபெருக்கியில் ஒலிக்கும் சாதாரண டிஜிட்டல் பியானோவும் இதுவும் ஒன்றல்ல. இதில் ஒலி பிறப்பது கம்பியில். கணினியின் வேலை, எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு விசையுடன் என்று சொல்வது மட்டுமே.

இக்கருவியை முதன்முறையாகக் கணினியுடன் இணைப்பவர் பெரும்பாலும் ஒரே குழப்பத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். கணினியில் ஒரு சுரத்தை அனுப்பினால் பியானோ அரை விநாடி கழித்தே வாசிக்கிறது. கம்பிவடம் பழுது என்றோ, கணினி மெதுவானது என்றோ நினைத்து வடத்தை மாற்றுவார்கள், புதிய இணைப்புப் பெட்டி வாங்குவார்கள். அரை விநாடி அப்படியே நிற்கும். ஏனெனில் அந்த அரை விநாடி பழுது அன்று. வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்தது. அதை எப்போது வைத்துக்கொள்ள வேண்டும், எப்போது நீக்க வேண்டும், நீக்கினால் இசையில் எது கெடும் என்பதைப் புரிந்துகொள்வதே இவ்விணைப்பின் சாரம்.

பியானோவுக்குள்ளேயே இருக்கும் தாமதம்

கணினியை மறந்துவிட்டு, சாதாரணப் பியானோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். விரல் கட்டையை அழுத்தத் தொடங்கும் நொடியிலேயே ஒலி எழுவதில்லை. கட்டை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். அது நெம்புகோல்களின் வரிசையை உயர்த்த வேண்டும். கடைசியில் சுத்தி விடுபட்டுத் தானாகப் பறந்து கம்பியைத் தட்ட வேண்டும். இந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் அழுத்தும் விசையைப் பொறுத்தது. பலமாக அடித்தால் 20 முதல் 30 மில்லி விநாடியில் முடிந்துவிடும். மிக மென்மையாகத் தொட்டால் 150 மில்லி விநாடியைத் தாண்டும். ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு பெரிய வேறுபாடு இருந்தும் பியானோ கலைஞர்கள் அதைத் தாமதமாக உணர்வதில்லை. பல ஆண்டுப் பயிற்சியில் கையும் காதும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளப் பழகிவிடுகின்றன. மெல்லிய சுரத்துக்கு விரல் சற்று முன்னதாகவே கிளம்புகிறது.

இதோடு தொடர்புடைய ஓர் அழகான கண்டுபிடிப்பு உண்டு. வலக்கையில் மெட்டும் அதன் கீழே துணைச் சுரங்களும் ஒன்றாக ஒலிக்க வேண்டிய இடங்களில், தேர்ந்த கலைஞர்கள் வாசிக்கையில் மெட்டுச் சுரம் சுமார் 30 மில்லி விநாடி முந்தி ஒலிக்கிறது. உணர்ச்சிக்காக வேண்டுமென்றே செய்வது என்று நெடுநாள் எண்ணப்பட்டது. ஆஸ்திரிய ஆய்வாளர் வெர்னர் கோபல், கணினியுடன் இணைந்த போசன்டோர்ஃபர் பியானோவில் 22 கலைஞர்களை ஷோப்பேன் இசையின் பகுதிகளை வாசிக்கச் செய்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டார். விரல்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் கட்டைகளைத் தொடுகின்றன. மெட்டுச் சுரத்தைச் சற்றுப் பலமாக அழுத்துவதால் அதன் சுத்தி முந்திச் சென்று சேர்கிறது என்பதே அவர் காட்டியது. பியானோ இசையின் உயிர்ப்பில் ஒரு பங்கு, சுத்தி பறக்கும் நேர வேறுபாட்டிலிருந்தே வருகிறது எனலாம்.

அரை விநாடி எதற்கு

தானியங்கிப் பியானோவில் விரலுக்குப் பதிலாக, ஒவ்வொரு கட்டையின் பின்புறத்துக்கும் அடியில் சோலினாய்டு எனப்படும் மின்காந்தச் சுருள் ஒன்று உள்ளது. மின்சாரம் பாய்ந்ததும் அதன் உள்ளிருக்கும் இரும்புத் தண்டு எழும்பிக் கட்டையை இயக்கும். பிறகு சுத்தியின் பயணம் முன்பு சொன்னதுதான்: பலமான சுரம் விரைவில் சேரும், மெல்லிய சுரம் தாமதமாகச் சேரும்.

கணினி ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பலமானது, 30 மில்லி விநாடியில் ஒலிக்கும். மற்றது மெல்லியது, 150 மில்லி விநாடி ஆகும். ஒன்றாக ஒலிக்க வேண்டியவை 120 மில்லி விநாடி இடைவெளியில் ஒலிக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லி விநாடி. அதன் கால்பங்கு 125. ஆகவே மெல்லிய சுரம் ஏறத்தாழ கால் தட்டு பின்தங்கிவிடும். தாளம் தெரிந்த எவர் காதும் இதைப் பொறுக்காது.

இதற்கான தீர்வைப் பள்ளிக்குக் கிளம்பும் இரண்டு மாணவர்களைக் கொண்டு விளக்கலாம். ஒருவர் நடந்து வருகிறார், ஒருவர் மிதிவண்டியில் வருகிறார். மணி அடிக்கும்போது இருவரும் வாசலில் இருக்க வேண்டுமானால், நடப்பவர் முதலில் கிளம்ப வேண்டும். பியானோவின் கட்டுப்பாட்டுப் பலகையும் இப்படியே செய்கிறது. வந்த சுரம் எதையும் உடனே வாசிக்காமல் 500 மில்லி விநாடிக் கெடு ஒன்றை வைத்துக்கொள்கிறது. மேற்சொன்ன கணக்கின்படி, மெல்லிய சுரத்தின் சுருளுக்கு 350-ஆவது மில்லி விநாடியில் மின்சாரம் தருகிறது. பலமான சுரத்துக்கு 470-இல் தருகிறது. இரண்டும் சரியாக 500-இல் ஒலிக்கின்றன. எல்லாச் சுரங்களும் ஒரே அளவு தாமதமாவதால், அவற்றுக்கு இடையிலான நேர உறவு கெடுவதில்லை. கேட்பவருக்கு இசை முழுவதும் அரை விநாடி தள்ளி வருகிறது, அவ்வளவே.

பியானோவின் நினைவகத்திலுள்ள பாடலை அதுவே வாசிக்கும்போது இச்சிக்கல் தெரிவதில்லை. அடுத்து வரும் சுரம் எது என்பது அதற்கு முன்பே தெரியும். கணினியிலிருந்து வரும் சுரமோ வந்த பிறகே தெரியும்; அதனால்தான் காத்திருப்பு.

டிஸ்க்ளேவியர் மாதிரிகள் பலவற்றில் அமைப்புப் பட்டியலுக்குள் மிடி இன் டிலே என்ற தெரிவு உள்ளது. அதில் 500 மில்லி விநாடி என்பதையோ, உடனடி வாசிப்பு என்பதையோ தேர்ந்தெடுக்கலாம். உடனடி என்று மாற்றினால் காத்திருப்பு நீங்கும். ஆனால் விசைக்கேற்ற வேறுபாடு திரும்பி வந்துவிடும். கலைஞர் ஒருவரின் பதிவை இந்நிலையில் வாசிக்கவிட்டால் ஒரு வேடிக்கை நிகழும். அப்பதிவில் மெட்டு 30 மில்லி விநாடி முந்தியிருப்பது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். பலமான மெட்டுச் சுரத்தின் சுத்தி இப்போது மறுபடியும் முந்திச் செல்லும். ஒரே விளைவு இருமுறை கூடி, மெட்டும் துணையும் பிரிந்து கேட்கும். பதிவை வாசிக்கும்போது தாமதத்தை நீக்குவது கலைஞரின் கைப்பக்குவத்தைக் கெடுப்பதாகும். தாமதத்தை எப்போதும் குறைக்கவே வேண்டும் என்ற பொதுவான அறிவுரை இங்கே பொருந்தாது.

முன்னோடிகள்

தானே வாசிக்கும் பியானோ கணினிக்கு மிக முந்தியது. அமெரிக்கரான எட்வின் வோட்டி 1895-இல் பியானோலாவை உருவாக்கினார். துளையிட்ட காகிதச் சுருளும் காற்றழுத்தமும் அதை இயக்கின. 1904-இல் ஜெர்மனியின் வெல்டே நிறுவனம் கொண்டுவந்த வெல்டே மின்யோன், கலைஞரின் விசை வேறுபாடுகளையும் ஓரளவு திரும்பத் தந்தது. 1983-இல் மிடி என்னும் பொதுத் தரம் வெளியானதும், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடிந்தது. யமஹா 1987-இல் டிஸ்க்ளேவியரை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மிடி என்ன சொல்கிறது

மிடி ஒலியை அனுப்புவதில்லை, கட்டளைகளை அனுப்புகிறது. ஒரு சுரத்துக்கான கட்டளையில் மூன்று எண்கள் உள்ளன: சுரம் தொடங்குகிறது என்பதற்கும் அது எந்தச் சேனல் என்பதற்கும் ஒன்று, எந்தக் கட்டை என்பதற்கு ஒன்று, வெலாசிட்டி எனப்படும் விசை அளவுக்கு ஒன்று. பியானோவின் 88 கட்டைகளுக்கு 21 முதல் 108 வரை எண்கள். நடு சி-க்கு 60. விசை அளவு 1 முதல் 127 வரை. வலப்பக்க மிதியின் நிலை 64-ஆம் கட்டுப்பாட்டு எண் வழியாகச் செல்கிறது. பாதி மிதித்த நிலையைக்கூட 0 முதல் 127 வரையிலான அளவாகச் சொல்லலாம்.

பழைய ஐந்து முனை மிடி வடத்தின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிட் ஆவதால், ஒரு பைட் செல்ல 0.32 மில்லி விநாடி. மூன்று பைட் கொண்ட ஒரு சுரத்துக்கு 0.96, அதாவது ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. பத்து விரல்களும் சேர்ந்து அழுத்தும் ஒரு கூட்டுச் சுரத்தில் பத்தாவது சுரம் போய்ச் சேர சுமார் 10 மில்லி விநாடி ஆகும். தொடக்க பைட் ஒன்றாகவே இருந்தால் அதை ஒருமுறை மட்டும் அனுப்பலாம் என்று மிடி அனுமதிப்பதால், இது 6.7 மில்லி விநாடியாகக் குறையும். 500 மில்லி விநாடிக்கு முன் இது ஒன்றுமே இல்லை. வடத்தை மாற்றிப் பயனில்லை என்பது இக்கணக்கிலேயே விளங்கும்.

வடங்களும் வழிகளும்

ஐந்து முனை வடமானால், பியானோவின் மிடி அவுட் துளை இணைப்புப் பெட்டியின் மிடி இன் துளைக்குச் செல்ல வேண்டும்; பியானோவின் இன், பெட்டியின் அவுட்டுக்கு. இன்-ஐ இன்-உடன் இணைத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று திகைப்பது மிகச் சாதாரணமான தவறு. இணைப்புப் பெட்டி கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகப்படும். ஐந்து முனை வடம் 15 மீட்டர் வரை செல்லலாம். பெறும் முனையில் ஒளியால் இயங்கும் தடுப்பி இருப்பதால், இரு கருவிகளுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு ஏற்படுவதில்லை. யு.எஸ்.பி. வடத்தால் நேரடியாக இணைத்ததும் ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்டால், பழைய வடத்துக்குத் திரும்புவது பலன் தரும்.

நேரடி யு.எஸ்.பி. இணைப்பு உள்ள மாதிரிகளில் வேலை எளிது. ஒரே வடம் இரு திசைக்கும் போதும். புளூடூத் மிடியும் உண்டு. புளூடூத்தின் குறைந்த ஆற்றல் வகையில் இரு கருவிகளும் குறிப்பிட்ட இடைவெளிகளில் மட்டுமே பேசிக்கொள்ளும், அவ்விடைவெளி வழக்கமாக 7.5 மில்லி விநாடிக்குக் கீழே போகாது, நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பாடம் படிக்கவும் பதிவுகளை வாசிக்கவும் இது போதும். நேரத்தை நுட்பமாக அளக்க வேண்டிய வேலைக்கு வடமே நல்லது.

எதிரொலிச் சிக்கல்

இணைத்தவுடன் அடுத்து வரும் தொல்லை விசித்திரமானது. வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்துகிறார், ஒலிக்கிறது. அரை விநாடி கழித்து அதே கட்டை தானாக மீண்டும் இறங்குகிறது, பேய் வாசிப்பதுபோல். நடந்தது இதுதான்: பியானோ அனுப்பிய சுரத்தை ஒலிப்பதிவு மென்பொருள் பெற்று, அதை அப்படியே பியானோவுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. பியானோ வழக்கம்போல 500 மில்லி விநாடி காத்து வாசித்திருக்கிறது.

சாதாரண மின்னணு விசைப்பலகையில் இதற்குத் தீர்வாக லோக்கல் ஆஃப் என்ற கட்டளை உண்டு. அது கட்டைகளையும் உள்ளிருக்கும் ஒலி உருவாக்கியையும் பிரித்துவிடும். தானியங்கிப் பியானோவில் கட்டைக்கும் சுத்திக்கும் இடையே இருப்பது மரம். அதை எந்தக் கட்டளையும் பிரிக்காது. ஆகவே மென்பொருளில்தான் சரிசெய்ய வேண்டும். பியானோவின் சுரங்களைப் பதிவு செய்யும் டிராக்கில் மானிட்டர் அல்லது மிடி த்ரூ எனப்படும் திருப்பி அனுப்பும் வசதியை நிறுத்த வேண்டும். அல்லது அந்த டிராக்கின் வெளியீட்டைப் பியானோவை நோக்கி வைக்காமல் விட வேண்டும்.

கணினிக்குள் ஏற்படும் தாமதம்

பியானோவின் கட்டைகளை வாசித்து, கணினியிலுள்ள மென்பொருள் பியானோவையோ வேறு இசைக்கருவியையோ ஒலிக்கச் செய்வது இன்னொரு பயன்பாடு. சுத்திகள் கம்பியைத் தொடாமல் தடுக்கும் அமைதி வசதி உள்ள மாதிரிகளில் இரவு நேரப் பயிற்சிக்கு இது உதவும். இங்கே 500 மில்லி விநாடிக்கு வேலையே இல்லை. அது பியானோவுக்குள் வரும் சுரங்களுக்கு மட்டும் உரியது. இங்கு லேட்டன்சி எனப்படும் தாமதத்தில் பெரும்பங்கு கணினியின் ஒலித் தாங்கி, அதாவது பஃபர் தருவது.

கணினி ஒலியைத் துளித் துளியாக அனுப்புவதில்லை. சிறு குடங்களில் நிரப்பி, குடம் நிரம்பியதும் அனுப்புகிறது. குடம் சிறியதானால் தாமதம் குறைவு. ஆனால் கணினி அடிக்கடி நிரப்ப வேண்டும், தவறினால் ஒலியில் வெடிப்புகள் கேட்கும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான அளவில், 128 மாதிரி கொண்ட பஃபர் 2.9 மில்லி விநாடி. 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. இதற்கு மேல் ஒலி அட்டையும் இயக்கியும் தம் பங்குக்குச் சில மில்லி விநாடிகளைச் சேர்க்கும்.

விண்டோஸ் கணினியில் பொதுவான ஒலி இயக்கியைவிட ஏசியோ வகை இயக்கி தாமதத்தை வெகுவாகக் குறைக்கும். மேக் கணினியில் கோர் ஆடியோ இயல்பாகவே இருக்கிறது. லினக்ஸில் ஜாக் பயன்படுகிறது. 128-இல் தொடங்கி, வெடிப்புக் கேட்டால் 256-க்கு உயர்த்துவது நல்ல வழி. வாசித்து முடித்து, பல டிராக்குகளைக் கலக்கும் கட்டத்தில் 1024-க்கு உயர்த்திக்கொள்ளலாம். அப்போது யாரும் உடனடி ஒலிக்குக் காத்திருப்பதில்லை.

எவ்வளவு தாமதம் பொறுக்கத்தக்கது? ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி விநாடி. கச்சேரி மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் மிருதங்கக் கலைஞரின் அடி பாடகரின் காதை அடைய 6 மில்லி விநாடி ஆகிறது. யாரும் குறை சொல்வதில்லை. 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலோர்க்குத் தொல்லை இராது. தேவாலயத்தின் பெரிய குழாய் ஆர்கனை வாசிப்பவர்கள் இதைவிடப் பல மடங்கு தாமதத்துடன் வாசிக்கிறார்கள். மாறாத தாமதத்துக்குக் கை பழகிவிடும். ஒருமுறை 5, மறுமுறை 25 என்று மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்துக்கு எவராலும் பழக முடியாது. ஆகவே இயக்கி காட்டும் சராசரியை மட்டும் பார்த்து நிறைவடைவது தவறு.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புளூடூத் காதணி வேண்டாம். புளூடூத் மிடியை ஓரளவு ஏற்கலாம். புளூடூத் ஒலி வேறு. அது ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க 100 மில்லி விநாடிக்கு மேலும் எடுத்துக்கொள்வது வழக்கம். அதை அணிந்து மெட்ரோனோமுடன் வாசித்துப் பழகும் மாணவர், தம் தாளம்தான் சரியில்லை என்று மனம் தளர்ந்துவிடக்கூடும். குற்றம் அவருடையது அன்று. வடம் கொண்ட காதணி ஒன்று இந்த மனவருத்தத்தைத் தவிர்க்கும்.

500 மில்லி விநாடியைச் சமன் செய்தல்

கணினியில் வயலினும் தாளமும் கொண்ட துணை இசை ஒலிக்க, பியானோ பகுதியைத் தானியங்கிப் பியானோ வாசிக்க வேண்டும் என்றால், தாமதத்தை அப்படியே விட்டுவிட்டுச் சமன் செய்வதே சிறந்தது. பியானோவுக்குச் செல்லும் மிடி டிராக்குக்கு மட்டும் மைனஸ் 500 மில்லி விநாடி என்று டிராக் டிலே தர வேண்டும். மென்பொருள் அச்சுரங்களை அரை விநாடி முன்னதாக அனுப்பும், பியானோ அரை விநாடி காக்கும், இரண்டும் நேர்ப்படும். மைனஸ் மதிப்பு தர முடியாத மென்பொருளானால், மற்ற எல்லா டிராக்குகளையும் 500 மில்லி விநாடி பின்தள்ளினாலும் அதே பயன்.

பாடல் முதல் விநாடியிலேயே தொடங்கினால் முன்னதாக அனுப்ப நேரம் இராது. முதல் சுரங்கள் விழுந்துபோகும், அல்லது தாமதமாக வரும். தொடக்கத்தில் ஓரிரு சுற்றுகளை வெறுமையாக விட வேண்டும். இதை மறந்துவிட்டு, நடுவிலெல்லாம் சரியாக இருக்கிறது, முதல் வரி மட்டும் ஏன் கெடுகிறது என்று மணிக்கணக்காகத் தேடுபவர்கள் உண்டு.

சுரங்களைக் கையால் நகர்த்துவோர் தட்டுக் கணக்கில் நகர்த்த நேரிடலாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 500 மில்லி விநாடி சரியாக ஒரு தட்டு. 90 என்றால் முக்கால் தட்டு. 60 என்றால் அரைத் தட்டு. பாடலின் நடுவே வேகம் மாறினால் இக்கணக்கு உடைந்துவிடும். அத்தகைய பாடல்களுக்கு மில்லி விநாடிக் கணக்கே ஏற்றது.

அளந்து பார்த்தல்

பட்டியலில் எழுதியிருக்கும் எண்ணை நம்புவதைவிட அளப்பது மேல். அதற்கு ஒலிவாங்கி ஒன்றும் ஒலிப்பதிவு மென்பொருளும் போதும். முதலில் ஒலி அட்டையின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுடன் வடத்தால் இணைத்து, ஒரு டிக் ஒலியை வெளியிட்டுப் பதிவு செய்ய வேண்டும். வெளியிட்ட இடத்துக்கும் பதிவான இடத்துக்கும் உள்ள வேறுபாடு, ஒலி அட்டையின் சுற்றுத் தாமதம். மென்பொருள் இதைத் தானே ஈடுசெய்திருந்தால் வேறுபாடு பூச்சியத்துக்கு அருகில் இருக்கும்.

பிறகு ஒலிவாங்கியைக் கம்பிகளுக்கு அருகில் வைத்து, நடு சி சுரத்தை வெலாசிட்டி 30, 64, 110 என மூன்று அளவுகளில், சில விநாடி இடைவெளியில் பியானோவுக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கம்பி அதிரத் தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும். 44,100 அளவில் 22,050 மாதிரிகள் தள்ளியிருந்தால் அது 500 மில்லி விநாடி. ஒலிவாங்கி ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் அதற்காக 3 மில்லி விநாடியைக் கழித்துக்கொள்ளலாம். தாமத அமைப்பு 500-இல் இருக்கும்போது மூன்று சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு தள்ளியிருக்க வேண்டும். உடனடி நிலையில் இதையே செய்து பார்த்தால் 30-க்கும் 110-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய சோதனை இது.

மிகச் சிறிய வெலாசிட்டியில் சில கட்டைகள் இறங்கியும் ஒலி எழாமல் போகலாம். சுத்தி கம்பியை எட்டாமலே திரும்பிவிடுகிறது. இது தாமதம் அன்று. பியானோவின் இயங்குபகுதியைச் சரிசெய்யும் வேலை. கணினியில் தேடிப் பயனில்லை.

உடனடி உரையாடல்

தாமதத்தை நீக்கியே ஆக வேண்டிய சூழலும் உண்டு. மனிதர் வாசிக்க, கணினி அதைக் கேட்டு அதே பியானோவில் மறுமொழி வாசிப்பது அத்தகையது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான்-குளோது ரிஸ்ஸே 1989-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் டிஸ்க்ளேவியரைக் கொண்டு இதைச் செய்தார். ஒரே கலைஞருக்கான இரட்டை வாசிப்பு என்ற பொருள்படும் தலைப்பில் அமைந்த அத்தொகுதியில், கலைஞர் வாசிக்கும் சுரங்களைக் கணினி மேக்ஸ் என்னும் மென்பொருள் வழியாகப் பெற்று, தலைகீழாக்கியோ இடம்மாற்றியோ அதே கட்டைகளில் வாசித்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னொருவர் அருகில் அமர்ந்திருப்பது போன்ற தோற்றம். மறுமொழி ஒவ்வொன்றும் அரை விநாடி கழித்தே வந்தால் அது உரையாடலாக இராது, எதிரொலியாகிவிடும்.

இத்தகைய வேலைக்கு உடனடி நிலையை வைத்துக்கொண்டு, விசை வேறுபாட்டால் வரும் கோணலைக் குறைக்க வேண்டும். கணினி அனுப்பும் சுரங்களின் வெலாசிட்டியை 50 முதல் 90 வரை போன்ற குறுகிய எல்லைக்குள் வைப்பது எளிய வழி. சுத்திகளின் பயண நேரம் அப்போது ஒன்றுக்கொன்று நெருங்கிவிடும். மேலே சொன்ன சோதனையால் பெற்ற அளவுகளைக் கொண்டு, பலமான சுரங்களை மட்டும் சில பத்து மில்லி விநாடி பிடித்துவைத்து அனுப்புமாறு மென்பொருளில் எழுதுவது அடுத்த படி. 500-க்குப் பதிலாகத் தேவையான அளவு மட்டும் காத்திருக்கும் சிறு கெடு ஒன்றை நாமே அமைப்பதாகும் இது.

தொலைவில் உள்ள இரண்டு பியானோக்களை இணையம் வழியாக இணைப்பதிலும் இதே பிரிவினை உண்டு. ஒளியிழையில் சமிக்ஞை விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், 1000 கிலோமீட்டருக்கு 5 மில்லி விநாடி ஆகும். கண்டம் தாண்டினால் போகவும் வரவும் 100-ஐ எட்டலாம். பியானோக்களின் சொந்தக் காத்திருப்பும் சேர்ந்தால் இருவர் ஒன்றாகத் தாளம் பிடித்து வாசிப்பது நடவாது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது மட்டுமே நோக்கமானால் எத்தனை தாமதமும் கேடில்லை. ஒவ்வொரு சுரத்தின் நேரமும் எண்ணாக உடன் செல்வதால், மறுமுனையில் அவை சரியான இடைவெளியில் அடுக்கப்படுகின்றன.

அமெரிக்காவில் நடைபெற்ற சர்வதேசப் பியானோ-இ-போட்டி இந்த வசதியையே பயன்படுத்திக்கொண்டது. போட்டியாளர்கள் ஓரிடத்தில் டிஸ்க்ளேவியரில் வாசித்ததை, தொலைவிலுள்ள நடுவர்களுக்காக வேறொரு டிஸ்க்ளேவியர் வாசித்துக் காட்டியது. அப்போட்டியின் பதிவுகளிலிருந்து கூகுளின் மெஜன்டா குழு 2018-இல் மேஸ்ட்ரோ என்னும் தரவுத் தொகுப்பை வெளியிட்டது. இன்று சுமார் 200 மணி நேர வாசிப்பு அதில் உள்ளது. மிடிக் குறிப்புகளும் ஒலிப்பதிவும் ஏறத்தாழ 3 மில்லி விநாடித் துல்லியத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒலி ஒரு மீட்டர் கடக்க எடுக்கும் நேரம்தான் அது.